பெருங்குடல் புண் அழற்சி: சாப்பாடு எதைச் செய்யும், எதைச் செய்யாது

‘அல்சர்’ என்ற ஒரே சொல்லால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. மருத்துவர் சீட்டில் ‘அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்’, அதாவது பெருங்குடல் புண் அழற்சி, என்று எழுதியிருப்பார். பார்க்க வருகிறவர்களோ வயிற்றுப் புண்ணுக்கான அறிவுரைகளை அடுக்குவார்கள்: நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றோடு இருக்காதே, பால் நிறையக் குடி. இதில் பால் குடிப்பது இந்த நோயாளிகளில் சிலருக்கு நேர் எதிராக வேலை செய்யும். இன்னொரு பக்கம், ‘கோதுமையை விட்டால் போதும், மாத்திரையே வேண்டாம்’ என்று அடித்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில், ‘சாப்பாட்டுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை’ என்று கையை விரிப்பவர்கள். மூன்று தரப்புமே பாதி சரி, பாதி தப்பு. ஏன் என்று புரிய, முதலில் புண் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

இது எந்த அல்சர்?

பேச்சுவழக்கில் அல்சர் என்றால் இரைப்பையிலோ, அதை அடுத்த முன்சிறுகுடலிலோ வரும் புண். அதற்குப் பெரும்பாலும் ஒரு கிருமியோ வலி மாத்திரையோ காரணம். அமிலம் அதை மோசமாக்கும். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் வருவது பல அடி தள்ளி, பெருங்குடலில். அங்கே அமிலத்துக்கு வேலையே இல்லை. உடலின் நோய் எதிர்ப்பு அணி பெருங்குடலின் உள்தோலையே எதிரியாக நினைத்து ஓயாமல் தாக்குகிறது. இப்படித் தாக்கும்போது அந்த இடம் சிவந்து, வீங்கி, எளிதில் கசிகிற நிலைக்கு வருவதுதான் அழற்சி. அது முற்றினால் உள்தோல் உரிந்து புண்ணாகிறது.

இந்த அழற்சி மலக்குடலில், அதாவது ஆசனவாய்க்குச் சற்று மேலே, தொடங்கி இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் பரவும். சிலருக்கு மலக்குடலோடு நின்றுவிடும். சிலருக்குப் பெருங்குடல் முழுவதும் போகும். க்ரோன் நோய் என்ற இன்னொரு குடல் அழற்சி இதற்கு உறவுக்காரன் மாதிரி. ஆனால் அது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம், குடல் சுவரை ஆழமாகவும் துளைக்கலாம். பதற்றக் குடல் நோயில் (ஐ.பி.எஸ்.) வலியும் வயிற்றுப்போக்கும் இருக்கும், அழற்சி இருக்காது. மூன்றுக்கும் உணவு விதிகள் ஒன்றல்ல. திரவ உணவை மட்டும் சில வாரம் கொடுக்கும் சிகிச்சை க்ரோன் நோயில் நன்றாகவே வேலை செய்கிறது. அதைப் பார்த்து கோலைட்டிஸ் நோயாளியும் அப்படியே செய்தால் எடை குறைவதுதான் மிச்சம்.

பெருங்குடல் என்ன வேலை செய்கிறது?

சோற்றிலிருந்தும் முட்டையிலிருந்தும் சத்தை உறிஞ்சுவது சிறுகுடல். இந்த நோயில் அது நலமாகத்தான் இருக்கிறது. சிறுகுடலைத் தாண்டி ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீர்த்த கூழ் பெருங்குடலுக்கு வந்து சேர்கிறது. அதிலுள்ள தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கெட்டியாக்கி, நேரம் வரும்வரை சேர்த்து வைப்பது பெருங்குடலின் பொறுப்பு. வெளியேறும் மலத்தில் இருக்கும் தண்ணீர் 100 முதல் 200 மில்லிதான்.

இப்போது நோயின் அறிகுறிகளைப் பாருங்கள். உள்தோல் வெந்திருப்பதால் தண்ணீரை இழுக்க முடிவதில்லை: மலம் நீர்த்துப் போகிறது. உரிந்த இடத்திலிருந்து ரத்தமும் சளியும் கசிகின்றன. மலக்குடல் வீங்கி விறைத்துப் போவதால் இரண்டு ஸ்பூன் அளவு வந்தாலே ‘நிறைந்துவிட்டது’ என்று மூளைக்குச் சொல்கிறது. ஓடிப் போய் உட்கார்ந்தால் ஒன்றும் வராது, முக்கல் மட்டும்தான்.

இதுவரை: புண் இரைப்பையில் இல்லை, பெருங்குடலில். அதை உண்டாக்குவது தவறாகத் திரும்பிய எதிர்ப்புச் சக்தி. சத்து உறிஞ்சும் பகுதி நன்றாக இருக்கிறது. தண்ணீர் இழுக்கும் பகுதிதான் கெட்டிருக்கிறது.

முழங்கால் சிராய்ப்பும் முரட்டுத் துணியும்

விழுந்து முழங்காலில் தோல் வழன்றிருக்கிறது. அதன்மேல் முரட்டுக் கால்சட்டை உரசினால் உயிர் போகும். மெல்லிய வேட்டியோ பாவாடையோ கட்டினால் நடமாடலாம். கால்சட்டை சிராய்ப்பை உண்டாக்கவில்லை. வேட்டி அதை ஆற்றவும் இல்லை. ஆனாலும் எதை உடுத்துகிறோம் என்பது அன்றைய நாளைத் தீர்மானிக்கிறது.

கோலைட்டிஸில் உணவுக்கு இருக்கும் பங்கு முக்கால்வாசி இதுதான். உரசல், தண்ணீர், வாயு, குடலின் வேகம் ஆகிய நான்கையும் உணவால் கூட்டிக் குறைக்கலாம்; அறிகுறி தணியும். உள்ளே இருக்கும் அழற்சி அதனால் அணைந்துவிடுவதில்லை. ஆறு தடவை போனவர் சோறும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு மூன்று தடவையாகக் குறைத்துவிடலாம். மலப் பரிசோதனையில் கால்ப்ரொடெக்டின் அப்படியே உயரத்தில் நிற்கும். கால்ப்ரொடெக்டின் என்பது அழற்சி உள்ள குடலில் குவியும் வெள்ளை அணுக்கள் விடும் புரதம். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாக அமைதி, 250-ஐத் தாண்டினால் அழற்சி வேகமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். சாப்பாடு பலித்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. சில மாதம் கழித்து நோய் திரும்பும்போது பழி எல்லாம் கடைசியாகச் சாப்பிட்ட பண்டத்தின் மேல் விழுகிறது.

மிச்சக் கால்வாசியில்தான் நீண்ட நாள் உணவுப் பழக்கம் வருகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

இருபது நிமிடத் தவறு

காலை எட்டு மணிக்குத் தக்காளி போட்ட ஆம்லெட். எட்டு இருபதுக்குக் கழிவறைக்கு ஓட்டம். ‘தக்காளி எனக்கு ஆகாது’ என்று முடிவு கட்டியாகிவிட்டது.

அந்த இருபது நிமிடத்தில் தக்காளி இரைப்பையைத் தாண்டிக்கூட இருக்காது. இரைப்பையில் சில மணி நேரம், சிறுகுடலில் சில மணி நேரம், பெருங்குடலில் ஒரு நாளோ அதற்கு மேலோ: உணவின் பயணம் அவ்வளவு நீளம். நோய் வேகமாக இருக்கும்போது இது சுருங்கும். இருபது நிமிடமாகச் சுருங்காது. நடந்தது வேறு. இரைப்பை விரிந்ததும் பெருங்குடலுக்கு ‘பழையதை நகர்த்து, இடம் வேண்டும்’ என்று சமிக்ஞை போகிறது. எல்லா மனிதருக்கும் உள்ள அனிச்சைச் செயல்தான் இது. வீங்கிய குடல் அதற்கு மிகையாகத் துள்ளுகிறது. வந்தது நேற்றைய, முந்தாநாளைய உணவு. இந்தத் துள்ளலைத் தூண்டுவதில் தட்டில் என்ன இருந்தது என்பதைவிட எவ்வளவு இருந்தது, எவ்வளவு கொழுப்பு இருந்தது, கூடவே காபி குடித்தோமா என்பவைதான் முக்கியம். அதனால்தான் மூன்று பெரிய வேளையை ஐந்தாறு சிறிய வேளையாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். ஒரு பண்டத்தையும் விலக்காமலே பலருக்கு இது ஒன்றே ஓட்டத்தைக் குறைக்கிறது.

மலத்தில் தக்காளித் தோலோ சோள மணியோ முழுசாகத் தெரிவதும் இதே ரகப் பயம். செல்லுலோஸ் என்ற தாவரச் சுவரை எந்த மனிதக் குடலும் செரிக்காது. ‘செரிமானம் போய்விட்டது’ என்று அதற்குப் பொருள் இல்லை. பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் மலம் சிவந்திருப்பதைப் பார்த்து ரத்தம் என்று பதறுகிறவர்களும் உண்டு. பீட்ரூட் சாப்பிட்டால் குறித்து வைப்பது நல்லது.

நார்ச்சத்து: ஒரே பெயரில் இரண்டு ஆள்

‘நார்ச்சத்து சாப்பிடு’ என்று ஒரு மருத்துவர், ‘நார்ச்சத்தைத் தொடாதே’ என்று இன்னொருவர். இருவரும் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள், வேறு வேறு நாரைப் பற்றி, வேறு வேறு காலத்தைப் பற்றி.

கரையாத நார் தண்ணீரில் போட்டால் அப்படியே கிடக்கும்: தோல், விதை, உமி, தண்டின் நார், சோளத்தின் மேல்தோல். இது துடைப்பம் மாதிரி. மலத்தைப் பெருக்கி வேகமாகத் தள்ளும். மலச்சிக்கலுக்கு நல்லது, வெந்த உள்தோலுக்குத் தொல்லை. கரையும் நார் தண்ணீரை இழுத்துக்கொண்டு பசையாகும்: ஓட்ஸ், தோல் சீவிய ஆப்பிளை வேகவைத்த கூழ், கேரட், பழுத்த வாழைப்பழம். நீர்த்த மலத்தைக் கொஞ்சம் கெட்டியாக்குவதும் இதுதான்.

கரையும் நாருக்கு இன்னொரு முக்கியமான வேலை உண்டு. பெருங்குடல் பாக்டீரியா அதைப் புளிக்க வைத்து ப்யூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. உடலின் மற்ற செல்கள் ரத்தம் கொண்டுவரும் சத்தில் ஓட, பெருங்குடல் உள்தோல் செல்கள் தங்கள் சக்தியில் பெரும்பங்கை இந்த ப்யூட்டிரேட்டிலிருந்து எடுக்கின்றன. ‘குடலுக்கு ஓய்வு’ என்று நாள்கணக்கில் பட்டினி கிடப்பது இங்கேதான் சறுக்குகிறது: அந்தச் செல்களுக்குச் சாப்பாடே நம் தட்டு வழியாகத்தான் போகிறது. கடுமையான கோலைட்டிஸில் வாய்வழி உணவை நிறுத்திப் பார்த்த மருத்துவமனை ஆய்விலும் அதனால் பலன் தெரியவில்லை.

நாரின் வகையோடு வடிவமும் கணக்கில் வரும். ஒரே கேரட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையாகக் கடித்தால் கூரான துணுக்குகள். தோல் சீவி, கத்தி தானாக இறங்கும்வரை வேகவைத்து மசித்தால் மெத்தென்ற கூழ். சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, குடலுக்கு மலையளவு வித்தியாசம். பட்டாணியை வேகவைத்துக் கம்பி வடிகட்டியில் கரண்டியால் தேய்த்தால் தோல் மேலே நிற்கும், மாவு கீழே இறங்கும். தக்காளியைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டு எடுத்தால் தோல் உரிந்து வரும். விதையை வழித்துவிட்டால் குழம்பில் தாராளமாகச் சேர்க்கலாம். பட்டியலிலிருந்து ஒரு காயை அடிப்பதற்கு முன் இந்த வேலையைச் செய்து பாருங்கள்.

கிளர்ச்சிக் காலத்தில் என்ன செய்வது?

நோய் சீறி எழும் நாட்களைக் கிளர்ச்சிக் காலம் என்றும், அடங்கியிருக்கும் மாதங்களை அமைதிக் காலம் என்றும் சொல்வோம். கிளர்ச்சியில் நோக்கம் இரண்டே: உரசலைக் குறைப்பது, உடம்பு உருகாமல் பார்ப்பது. இரண்டாவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பயந்து பயந்து சோற்றையும் ரொட்டியையும் மட்டும் தின்றால் மாவுச்சத்துதான் உள்ளே போகும். அழற்சியோ தசையைக் கரைத்துக்கொண்டிருக்கும்.

கிளர்ச்சியில் ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். நாள் முழுவதற்கும் இரண்டு முட்டை (12 கிராம்), சமைத்த கோழி 100 கிராம் (சுமார் 30), சமைத்த மீன் 100 கிராம் (20-க்கு மேல்), ஒரு கப் தயிர் (சுமார் 7), சோற்றிலிருந்து கிடைக்கும் சில கிராம்: கணக்கு நேராகிவிடும். சைவர்கள் டோஃபு, பனீர், தோல் நீக்கிக் குழைய வேகவைத்த பருப்பு என்று சேர்த்துக் கணக்கை எட்டலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டபிறகே எடுக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு நுணுக்கம். பலமுறை நீர்த்துப் போகும்போது உப்பும் சேர்ந்தே போகிறது. வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் உப்பு ஈடாகாது. சிறுகுடலில் சர்க்கரையும் உப்பும் கைகோத்து உள்ளே போகும் கதவு ஒன்று இருக்கிறது, அவற்றின் பின்னாலேயே தண்ணீர் இழுபடும். உப்பு-சர்க்கரைக் கரைசல் வேலை செய்வது இதனால்தான். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. சர்க்கரையைக் கூட்டினால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றுப்போக்கை அதிகமாக்கும். பழச்சாறும் குளிர்பானமும் கிளர்ச்சியில் சொதப்புவது இதே கணக்கில்தான்.

சர்க்கரை இல்லாத மிட்டாயிலும் சூயிங்கத்திலும் உள்ள சார்பிட்டால் இன்னும் மோசம். அது முழுசாக உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வரை போய்த் தண்ணீரையும் வாயுவையும் கூட்டும்.

பாலுக்கு வருவோம். பாலிலுள்ள சர்க்கரை லாக்டோஸ். அதை உடைக்கும் நொதி பலருக்கு வயதாக ஆகக் குறைகிறது. கோலைட்டிஸ் இருப்பதாலேயே எல்லோருக்கும் பால் ஆகாது என்பதில்லை. இரண்டு வாரம் பாலை நிறுத்திவிட்டு, அமைதியான ஒரு நாளில் 250 மில்லி குடித்துப் பாருங்கள். வாயுவும் போக்கும் வந்தால் விடை கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகும் தயிரும் கெட்டியான சீஸும் பலருக்கு ஒத்துக்கொள்ளும், லாக்டோஸ் அவற்றில் குறைவு. காரணமில்லாமல் பாலைத் துறந்தால் கால்சியம் போகும். ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவருக்கு எலும்பு தேயும் நேரத்தில் அது வேண்டாத செலவு.

மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை. அதன் காரப்பொருள் வலியும் சூடும் உணரும் நரம்பு முனைகளைத் தட்டிவிடுகிறது. உரிந்த இடத்தில் எரிச்சல் தெரியும். கிளர்ச்சியில் குறையுங்கள், பிறகு தாங்கும் அளவுக்குத் திரும்புங்கள். காபி குடலை விரட்டும். மதுவும் அப்படியே.

சுருக்கமாக: சிறு சிறு வேளை, மென்மையாக்கிய காய், கணக்குப் பார்த்த புரதம், உப்பு-சர்க்கரைத் தண்ணீர். விலக்குவதைவிட மாற்றிச் சமைப்பது மேல்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நோய் மலக்குடலோடு நிற்பவர்களில் சிலருக்கு மேலே மலம் கட்டிப்பட்டுத் தேங்கும். கீழே ரத்தமும் சளியும் மட்டும் அடிக்கடி வரும். இருபது தடவை போனேன் என்பார், உண்மையில் அவருக்கு மலச்சிக்கல். அவரிடம் நாரைக் குறைக்கச் சொன்னால் நிலைமை இன்னும் கெடும். எத்தனை தடவை என்பதோடு வருவது என்ன என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அமைதிக் காலத்தில் திரும்பி வருவது

பெரிய தவறு நடப்பது இங்கேதான். கிளர்ச்சி அடங்கிய பிறகும் அதே குழைந்த சோற்றிலேயே வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். சிராய்ப்பு ஆறியபிறகும் கால்சட்டை போடப் பயப்படுவது மாதிரி. பாக்டீரியாவுக்கு நார் இல்லை, ப்யூட்டிரேட் குறைகிறது. பெருங்குடலின் காப்பு வேலியே மெலிகிறது.

திரும்புவதற்கு ஒரு முறை உண்டு. ஒரு நேரத்தில் ஒரு பண்டம். முதல் நாள் வேகவைத்து மசித்தது இரண்டு மேசைக்கரண்டி. மூன்று நாள் காத்திருந்து, ஒத்துக்கொண்டால் அரை கப். அதன்பின் மசிக்காமல், அதன்பின் தோலோடு, கடைசியாகப் பச்சையாக. மொத்த நாரை வாரத்துக்கு ஐந்து கிராம் அளவில் ஏற்றிக்கொண்டு போனால் வாயுத் தொல்லை தாங்கும்படி இருக்கும். பெரியவர்களின் பொதுவான இலக்கு நாளுக்கு 25 முதல் 30 கிராம். ஒரு வாழைப்பழத்தில் 3 கிராம், அரை கப் வெந்த பருப்பில் 8 கிராம் வரை கிடைக்கும்.

நீண்ட நாள் பழக்கத்தில் எது நல்லது என்பதில் நிபுணர் குழுக்கள் ஓரளவு ஒரே திசையில் நிற்கின்றன. குடல் அழற்சி நோய்களுக்கான சர்வதேச நிபுணர் குழு 2020-இல் தந்த வழிகாட்டல், கோலைட்டிஸில் மீன் போன்ற இயற்கையான ஒமேகா-3 உணவுகளைக் கூட்டவும், பதப்படுத்திய இறைச்சி, டிரான்ஸ் கொழுப்பு, பாக்கெட் உணவில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்கச் சேர்க்கும் பால்மமாக்கிகள் ஆகியவற்றைக் குறைக்கவும் சொன்னது. பால்மமாக்கிகள் குடலின் சளிப் படலத்தை மெலிய வைப்பது எலிகளில் காணப்பட்டிருக்கிறது. அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவச் சங்கம் 2024-இல் காய், பழம், மீன், ஆலிவ் எண்ணெய் நிறைந்த மத்தியதரைக் கடல் பாணி உணவைப் பரிந்துரைத்தது. முன்பு சொன்ன கால்வாசிப் பங்கு இதுதான்.

மஞ்சளைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. சில ஆய்வுகளில் குர்குமின் என்ற அதன் சத்தை நாளுக்கு 2 முதல் 3 கிராம், இந்த நோய்க்கு வழக்கமாகத் தரும் மெசலசின் மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தபோது பலன் தெரிந்தது உண்மை. மஞ்சள் தூளில் குர்குமின் 3 சதவீத அளவில்தான் இருக்கிறது. 2 கிராம் வேண்டுமென்றால் தினமும் ஏறக்குறைய 67 கிராம் தூள் தின்ன வேண்டும்! சமையலில் போடும் சிட்டிகைக்கு அந்த ஆய்வின் பெயரைச் சொல்ல முடியாது.

குறிப்பேடு எழுதும் முறை

எனக்கு எது ஆகாது என்பதைப் பொதுப் பட்டியல் சொல்லாது, நோட்டு சொல்லும். நான்கு வாரம் எழுதுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் நேரம், பண்டம், அளவு, சமைத்த விதம். ஒவ்வொரு முறை போனதற்கும் நேரம், நீர்த்ததா கெட்டியா, ரத்தம் உண்டா. தூக்கம், மாதவிடாய், விட்டுப்போன மாத்திரை, புதிதாக எடுத்த மருந்து எல்லாம் ஒரு வரியில். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளால் சிலருக்கு நோய் கிளம்புவதுண்டு; தலைவலிக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, பழியை அன்றைய மதிய உணவின் மேல் போட்டுவிடுவோம்.

படிக்கும்போது அறிகுறிக்கு முந்தைய 48 மணி நேரத்தையும் பாருங்கள். சந்தேகப்பட்ட பண்டத்தை இரண்டு வாரம் விட்டு, திரும்பச் சேர்த்து, மூன்றில் இரண்டு தடவையாவது அதே தொல்லை வந்தால்தான் அதை விலக்கலாம். ஒரே சமயத்தில் ஐந்தை விட்டால் எது குற்றவாளி என்று ஒருநாளும் தெரியாது.

ரத்தம் போவதால் வரும் குறை

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் போனால் இரும்புச்சத்து இறங்கும். களைப்பு, மூச்சு வாங்குதல், முடி கொட்டுதல் எல்லாவற்றையும் நோயின் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டும். இரும்புள்ள உணவோடு எலுமிச்சைச் சாறு சேர்த்தால் உறிஞ்சுவது கூடும். உடனே தேநீர் குடித்தால் குறையும். ஆனால் கிளர்ச்சியில் ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது உணவால் மட்டும் ஈடுகட்ட முடியாது. இரும்பு மாத்திரை வயிற்றைக் கிளறினால் ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பு. அழற்சியைத் தணிக்கும் சல்ஃபாசலசின் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஃபோலிக் அமிலம் குறையும் என்பதால் அதையும் சேர்த்து எழுதித் தருவார்கள்.

சாப்பாட்டைப் பற்றி யோசிக்கக் கூடாத நாள்

ஒரு நாளைக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போகிறது. கூடவே காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது, அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 90-க்கு மேல். கடுமையான கோலைட்டிஸை அடையாளம் காண 1955-இல் வகுத்த அளவுகோலின் பகுதிகள் இவை; இன்றும் மருத்துவமனைகளில் பயன்படுகின்றன. வயிறு உப்பி விறைத்தாலும், சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலும் அதே அவசரம்தான். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சலும் வலியும் அமுங்கித் தெரியலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். கையில் மருந்துச் சீட்டும் அந்த நோட்டும் இருந்தால், கடைசி இரண்டு வாரத்தில் என்ன நடந்தது என்று மருத்துவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கும்.